அமலோற்பவத்தின் கதவு

கை கால் முடியாத நாங்கள், உதவியாளர் துணையோடு வாடகைக்கு வாழும் இல்லம் இது. ஒருமுறை புது உதவியாளர் தேவைப்பட்டது.

"என்னைத் தூக்கிக் குளிப்பாட்டப் போற ஆளை நான்தான் தேர்ந்தெடுப்பேன்" என்றாள் சக்கர நாற்காலியில் இருந்த அமலோற்பவம்.

இல்லத்தின் செயலர் தணிகாசலம் சிரித்தார். "தாராளமா எடு. ஆனா வர்றவங்ககிட்ட நீ வாயைத் திறக்கக் கூடாது."

நாங்கள் திகைத்துப் போனோம். பேசாமல் எப்படி ஆள் எடுப்பது?

"சரிங்கய்யா. ஒவ்வொருத்தரா என் அறைக்கு அனுப்புங்க" என்று அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலில் வந்தவள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். "அந்தம்மா ஊமையா?" என்று செயலரிடம் கேட்டபடி திரும்பினாள். அடுத்தவளும் அப்படியே நுழைந்தாள், அப்படியே திரும்பினாள்.

மூன்றாவதாக வந்த இசக்கியம்மாள் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். "அக்கா, அவசரமில்ல. நீங்க கூப்பிடுறப்ப வாரேன்" என்று வெளியிலேயே நின்றாள்.

கதவு உள்ளிருந்து திறந்தது. அமலோற்பவம் 'இவள்தான்' என்று செயலருக்குக் கைகாட்டி, அவளை உள்ளே அழைத்துக்கொண்டு மறுபடி சாத்தினாள்.

செயலருக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். "ஒரு கேள்விகூடக் கேக்காம எப்படி எடுத்தே?"

"கேள்வியைக் கதவு கேட்டுச்சுங்கய்யா. நீங்க இப்ப எப்படி உள்ள வந்தீங்க?"



செயலர் மெல்ல வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். தட்டினார்.

அமலோற்பவம் உடனே பதில் சொல்லவில்லை.