டெஸ்ட் குமாரின் மனைவி

"எல்லாம் பச்சை, டீச்சர். இனி என்ன மிச்சம்?" என்று ஐயம்பெருமாள் கேட்டார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. செண்பகவல்லிக்கு முப்பத்தாறு. ஆனாலும் பாளையங்கோட்டையில் இருந்த அந்தச் சிறிய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் எல்லோருக்கும் செண்பகவல்லிதான் டீச்சர். இணையப் பக்கங்களைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை. அவர் 'சரி' சொல்லாமல் எதுவும் வெளியே போகாது.

ஐயம்பெருமாள் இருபது வருடமாகப் பக்கங்களை அழகுபடுத்தியவர். நிறம், எழுத்து, இடைவெளி. செய்தவரே சோதிக்கவும் வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதால், எட்டு மாதமாக டீச்சரிடம் கற்றுக்கொண்டிருந்தார். அன்று அவர் கொண்டுவந்தது ஒரு மருத்துவமனையின் பதிவுப் பக்கம். ஆபரேஷனுக்குச் சேருகிறவர்கள் வீட்டிலிருந்தே நிரப்புவதற்கானது. ஐந்து மணிக்கு வெளியாக வேண்டும்.

"எத்தனை டெஸ்ட்?"

"இருநூத்திப் பன்னிரண்டு. எல்லாம் பாஸ், அதான் பச்சை."

"யார வெச்சு?"

"டெஸ்ட் குமார வெச்சு."

டெஸ்ட் குமார் என்று யாரும் இல்லை. ஒவ்வொரு சோதனையிலும் கம்ப்யூட்டரே அந்தப் பெயரில் பக்கத்தை நிரப்பி அனுப்பும். வயது முப்பது. மனைவி டெஸ்ட் குமாரி. போன் நம்பர், வரிசையாகப் பத்து ஒன்பதுகள்.

பக்கத்து மேசை பீர்முகமது சும்மா இருக்கவில்லை. "பாவம்யா அவன். இன்னிக்கு மட்டும் இருநூறு தடவ ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டான். அந்தப் புள்ளயும் சலிக்காம ஒவ்வொரு தடவையும் கூட வந்து நிக்குது."

ஐயம்பெருமாள் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"டெஸ்ட் குமார எழுப்பிவிடுங்க, அண்ணாச்சி. நீங்க உக்காந்து உங்க பேர்ல நிரப்புங்க."

"சும்மா ஏதாவது போடட்டுமா?"

"வேண்டாம். உள்ளதப் போடுங்க. பாத்துட்டு அழிச்சுரலாம்."

அவர் பெயரை அடித்தார். வயதை அடித்தார். 'என்ன சிகிச்சை' என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, குடலிறக்கம் என்று அடித்தார். தை மாதமே டாக்டர் செய்துவிடச் சொல்லியிருந்தார். அங்கே கொடுத்த காகிதப் படிவம் நாலாக மடித்தபடி இன்னும் அவர் பையில் கிடந்தது. ஒரு வரி மட்டும்தான் அதில் பாக்கி.

அதே வரி இப்போது திரையில் வந்தது. உடனிருப்பவர் பெயர். பக்கத்தில், கட்டாயம் என்பதற்கு ஒரு சிவப்பு நட்சத்திரம்.

மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. தூத்துக்குடியில் ஒரு தம்பி இருக்கிறான். அவன் பெயரில் நாலு எழுத்து அடித்தார். இதற்குப் போய் அவனைக் கூப்பிடுவதா என்று தோன்றியது. நம்பரும் மாறியிருக்கும். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, 'அனுப்பு' என்பதை அழுத்தினார்.

கட்டம் இடமும் வலமுமாக இரண்டு முறை ஆடியது. கீழே சிவப்பில் ஒரு வரி வந்தது.

"வாசிங்க," என்றார் டீச்சர்.

அவர் வாசிக்கவில்லை.

"வாய்விட்டு வாசிங்க, அண்ணாச்சி."

"இந்த இடம் காலியாக இருக்கக் கூடாது."

"யார் எழுதுன வரி?"

"நான்தான்."

"அந்தச் சிவப்பு?"

"நான்தான். கண்ணக் குத்தக் கூடாதுன்னு ஏழு சிவப்பு மாத்திப் பாத்தேன்."

"அந்த ஆட்டம்?"

"அதுவும் நான்தான்."

"இது கட்டாயம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களா?"

"இல்ல. எல்லாருக்கும் ஒருத்தராவது இருப்பாங்கல்லன்னு நானா போட்டேன்."

பீர்முகமது ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"போடும்போது நான் என்னை நெனைக்கல, டீச்சர்," என்றார் ஐயம்பெருமாள். "டெஸ்ட் குமாரத்தான் நெனச்சேன்."

"போன் போட்டுக் கேளுங்க. கூட ஆள் இல்லாம வர்றவங்கள என்ன செய்வீங்கன்னு."

அவர் கேட்டார். மறுமுனையில் ஒரு பெண் சாதாரணமாகச் சொன்னாள். "வரச் சொல்லுங்க சார். வார்டுல ஆள் இருக்கு. முன்கூட்டியே சொல்லிட்டாப் போதும்."

போனை வைத்தார். பிறகு நட்சத்திரத்தை எடுத்தார். ஆட்டத்தை எடுத்தார். சிவப்பு வரியை அழித்துவிட்டு, எல்லோரும் படிக்கிற சாதாரணக் கறுப்பில் வேறொன்று எழுதினார். 'உடன் யாரும் வரவில்லை என்றால் இங்கே தொடவும்.'

மறுபடி தன் பெயரில் நிரப்பினார். அந்த வரியைத் தொட்டார். பக்கம் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது.

மணி நாலே முக்கால்.

"அஞ்சு மணிக்குப் போயிருமா, டீச்சர்?"

"போயிரும். இதுக்கு ஒரு டெஸ்ட் எழுதிட்டீங்கன்னா."

அவர் எழுதினார். எழுதிக்கொண்டே, நிமிராமல் கேட்டார். "பக்கம் இந்த இடத்துல நிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையில என் பேரப் போட்டுப் பாத்தேன்."

விசைப்பலகையின் சத்தம் நின்றது. பிறகு மெதுவாகத் தொடர்ந்தது. இருநூற்றுப் பதின்மூன்றாவது டெஸ்ட் முடிந்தது. டெஸ்ட் குமாரை இதில் போட முடியாது. அவனுக்கு ஆள் இருக்கிறது. புதிதாக ஒரு பெயர் வேண்டும்.

"என் பேரையே வெச்சுரட்டுமா, டீச்சர்?"

"ஒருத்தர் பேர வைக்காதீங்க, அண்ணாச்சி. இப்படி இருக்கறது ஒருத்தர்தான்னு நெனச்சுருவாங்க."