அதோ பாரு

“ஆறு வருஷம் ஆச்சும்மா. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டார் திரவியம்.

மௌனத்தம்மா பதில் சொல்லவில்லை. சொல்கிற ஆளாக இருந்தால் அந்தப் பெயர் எதற்கு வரப்போகிறது! வாய் திறந்து பன்னிரண்டு வருஷமாகிறது. எதுவானாலும் சிலேட்டில் எழுதிக் காட்டுவதோடு சரி.

சிலேட்டை எடுத்து, ‘சாப்பிட்டீங்களா?’ என்று எழுதினார்.

திரவியத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். குருவைவிட இருபது வயது மூத்தவர். குருவின் வாயால் உபதேசம் கேட்டால்தான் தீட்சை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீடு வாசலை விட்டுவிட்டு, இந்தக் குன்றடியில் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

“காலையில முதல் பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேன். அதுக்குள்ள சொன்னாச் சொல்லுங்க. இல்லேன்னா என் தலையெழுத்து அவ்வளவுதான்.”

அம்மா தலையாட்டினார்.

இருட்டிவிட்டது. பால்காரர் மூக்கையா சைக்கிளை நிறுத்திவிட்டுப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது வந்தது.

அம்மா துள்ளி எழுந்தார். மடியிலிருந்த சிலேட்டு எங்கேயோ போய் விழுந்தது.

“அதோ பாரு!” என்று கத்தினார்.

பேசிவிட்டார்! அம்மா பேசிவிட்டார்!

திரவியத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நெற்றி மண்ணில் பட, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கேட்ட உபதேசத்தை மனசுக்குள் மூன்று தரம் சொல்லிக்கொண்டார்.

“ஆத்தாடி! பச்சையா எரிஞ்சுக்கிட்டுப் போகுதே!” மூக்கையா பால் செம்போடு குதித்தார். “வாலு நீளத்தைப் பாருங்க! அய்யய்யோ, உடைஞ்சு மூணாப் போச்சு... குன்றைத் தாண்டிருச்சு!”

திரவியம் எழுந்தபோது வானம் பழையபடி இருந்தது.

“பாருன்னா எதைம்மா? உள்ளேயா? நெஞ்சுக்குள்ள இருக்கிற ஜோதியையா?”

“யோவ் கண்டக்டரே, மேலய்யா! மேல!” என்று தலையில் அடித்துக்கொண்டார் மூக்கையா.

அம்மா சிலேட்டைத் தேடி எடுத்தார். சந்தோஷத்தில் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

‘போயிருச்சு.’

திரவியம் அதை இரண்டு தரம் படித்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே, எதற்கென்று தெரியாமல் சிரிப்பும் வந்தது. நெற்றி மண்ணைக்கூடத் துடைக்காமல், அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். குன்றுக்கு மேலே ஒரு வெளிச்சம் மினுக் மினுக்கென்று ஊர்ந்து வந்தது.

“அம்மா! அதோ பாருங்க!”

ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற குரல் அது.

“அட, அது ஏரோப்ளேன்யா!” என்றார் மூக்கையா.

அம்மா அதற்குள் எழுந்து நின்று, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.