கிழக்கு வாசலுக்காக நாங்கள் கட்டை அடுக்கிய கதை

எங்களை முட்டாள்கள் என்று நாலு பேர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அது சுத்தப் பொய். சங்ககிரி புறவழிச் சாலையில் எங்கள் பார்சல் ஆபீசைத் தாண்டிப் போகிற எல்லோரும்தான் சொல்கிறார்கள். நாலு பேர் என்பது நாங்கள்.

என் பெயர் மாரப்பன். கூட இருப்பவர்கள் நாச்சிமுத்து, செங்கோடன், அம்மாசை. லாரியில் வருகிற மூட்டைகளை இறக்கிக் குடோனில் அடுக்குவதும், குடோனில் இருப்பதை லாரியில் ஏற்றுவதும் எங்கள் வேலை. இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஒரு தடவை, இறக்கிய மூட்டைகளை எல்லாம் இறக்கிய லாரியிலேயே திரும்ப ஏற்றி அனுப்பிவிட்டோம். ஆனால் அடுக்கு பிரமாதமாக இருந்ததாக டிரைவரே ஒப்புக்கொண்டார்.

குடோனுக்குக் கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். லாரிகள் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். அந்த நேரத்தில் கிழக்கு வாசல் நல்ல நிழல். மேற்கு வாசலில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். போன சித்திரையில் அம்மாசை வெல்ல மூட்டையைத் தலையில் வைத்தபடியே அங்கே மயங்கி விழுந்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அன்றிலிருந்து எங்களுக்குக் கிழக்கு வாசல்தான் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம். துரைக்கண்ணுவும் அவன் ஆட்கள் மூன்று பேரும் அதே குடோனில்தான் வேலை பார்க்கிறார்கள். வெயில் அவர்களையும் சுடும் என்பதால் அவர்களும் அங்கேயே நின்றார்கள். எட்டுப் பேரும் கிழக்கு வாசலில் நின்றதில் ஒரு ஊறுகாய் லாரி மேற்கு வாசலில் அரை நாள் கேட்பாரில்லாமல் கிடந்தது.

புக்கிங் ஜன்னலில் உட்கார்கிற ரங்கநாயகி மேடத்துக்குப் பொறுமை போய்விட்டது. போட்டி வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஜெயித்தவர்களுக்கு ஒரு வருஷம் கிழக்கு வாசல் என்று சொல்லிவிட்டார். துரைக்கண்ணு மூட்டை தூக்கும் போட்டி கேட்டான். யாருடைய இடுப்பும் உடையக் கூடாது என்று மேடம் மறுத்தார். பிறகு தன் கைப்பையிலிருந்து உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு விளையாட்டு மெஷின்களை எடுத்து வைத்தார். சாப்பாட்டு நேரத்தில் அவரும் அவர் தங்கையும் ஆடுகிற ஆட்டமாம். மேலிருந்து விதவிதமான கட்டைகள் விழும், அவற்றை அடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுக்குகிற ஆட்டம். எங்களிடம். துரைக்கண்ணுவை நினைத்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. அணிக்கு ஒரு மெஷின் கொடுத்துப் பழகச் சொன்னார். இரண்டு மெஷினும் கம்பி இல்லாமலே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்றும் சொன்னார். செங்கோடன் அன்று முழுக்க மெஷினைக் காதில் வைத்துக் கேட்டான். நம்மைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்று சாயங்காலம் வந்து தெரிவித்தான்.

மறுநாள் நாச்சிமுத்து இடைவெளி விடாமல் ஒரு வரிசை அடுக்கி முடித்தான். முடித்த மறு விநாடி அந்த வரிசை காணாமல் போய்விட்டது. குடோனில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி காணாமல் போனாலே இரண்டு நாள் விசாரணை நடக்கும். ஒரு வரிசையே போனதில் நாச்சிமுத்து மெஷினை அம்மாசை கையில் திணித்தான். அம்மாசை மெஷினைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை. ஜன்னலுக்கு ஓடிப் போய் நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டோம். மேடம் சிரித்துவிட்டு, "முழுசா அடுக்கின வரிசை அப்படித்தான் மறையும் அண்ணா. அது எதிராளிக்குப் போகும்," என்றார்.

குடோனுக்குப் பின்னால் உட்கார்ந்து இதைப் பற்றி விவாதித்தோம்.

"நாம அடுக்கறது, சரக்கு துரைக்கண்ணுவுக்கா?" என்றான் அம்மாசை.

"முழு வரிசை ஆனாத்தானே போகுது," என்றான் நாச்சிமுத்து. "வரிசைக்கு ஒரு ஓட்டை விட்டுட்டா?"

அவனுக்குள் இவ்வளவு மூளை இருந்தது எங்களுக்கு அதுவரை தெரியாது. எந்த வரிசையையும் முழுதாக அடைப்பதில்லை என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். அதற்குப் பிறகு எங்கள் சரக்கு ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை.

சரக்கு மேல்விளிம்பில் முட்டினால் என்ன ஆகும் என்ற ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு இருந்தது. மேடத்திடம் கேட்டேன். அவர் பில் எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "ஆட்டம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்," என்றார். எங்கள் தொழிலிலும் அப்படித்தான். லாரி விளிம்பு வரை ஏறிவிட்டால் வேலை முடிந்தது, தார்ப்பாயைப் போட்டுக் கட்ட வேண்டியதுதான். முதல் நாள் ஆட்டத்தை முடிக்க எங்களுக்கு மூன்று நிமிஷம் ஆனது. மூன்றாம் நாள் ஒன்றரை நிமிஷம். ஒவ்வொரு தடவை முடித்ததும் மெஷின் ஒரு பாட்டு வாசித்து இங்கிலீஷில் ஏதோ எழுதிக் காட்டியது. எங்களில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. பாராட்டுகிறது என்று எடுத்துக்கொண்டோம்.

ஜன்னல் வழியாக மேடம் அவ்வப்போது யோசனை சொல்வார். கீழே வைக்காமல் பழகினால்தான் கை வரும் என்று ஒரு நாள் சொன்னார். அன்றிலிருந்து நாச்சிமுத்து மெஷினைக் கீழே வைக்கவில்லை. வலது கையில் மெஷின், இடது கையில் மூட்டை. குளிக்கும்போது ஒரு கையைப் பாத்ரூம் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு குளித்தான். சாப்பாட்டை அவன் சம்சாரம் பரிமளாதான் ஊட்டிவிட்டாள். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஊட்டியதில்லை என்று எங்களிடம் வெட்கத்தோடு சொன்னான். அவள் என்ன சொன்னாள் என்பதை அவன் சொல்லவில்லை.

இன்னொரு நாள் மேடம், ஒரு கண் நம் அடுக்கில் இருக்க வேண்டும், ஒரு கண் எதிராளி அடுக்கில் இருக்க வேண்டும் என்றார். அம்மாசை அரை மணி நேரம் முயற்சி செய்தான். எவ்வளவு உருட்டினாலும் இரண்டு கண்ணும் ஒரே பக்கம்தான் போயின. மூளை ஒன்று இருப்பதால்தான் இந்தத் தொந்தரவு, இரண்டு ஆளாகப் பிரித்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று நான்தான் வழி சொன்னேன். அம்மாசைக்கு இடது கண்ணையும் செங்கோடனுக்கு வலது கண்ணையும் துண்டால் கட்டினோம். அப்படியே பழக வேண்டும் என்பதால் அவர்கள் அந்தக் கட்டோடுதான் வேலையும் பார்த்தார்கள். செங்கோடன் வாசலில் நின்ற மினி பஸ்ஸை லாரி என்று நினைத்து ஒரு மஞ்சள் மூட்டையை அதில் ஏற்றிவிட்டான். கண்டக்டர் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். அதைப் பத்திரமாக வாங்கி வந்து மேடத்திடம் ஒப்படைத்தான்.

கடைசியாக மேடம் சொன்னது, நீளக் கட்டை வரும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்பது. வெள்ளிக்கிழமை எடப்பாடிக்காரர் ஒருவருடைய போர்வெல் பைப் லாரியில் வந்து இறங்கியது. இருபது அடி. இதைவிட நீளம் வராது என்று நாங்கள் அதைக் குடோன் மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்தோம். பைப்புக்கு உரியவர் அன்றே வந்து நின்றார். போட்டி ஞாயிற்றுக்கிழமை, அது முடிந்ததும் தருகிறோம் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் போட்ட சத்தத்தில் மேடம் எழுந்து வந்து பைப்பைத் தூக்கிக் கொடுக்க வைத்தார். அவர் போன பிறகு மேடம் வெகு நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பிறகு பில் எழுதப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போட்டி. புக்கிங் மேஜையை நடுவில் இழுத்துப் போட்டு இரண்டு பக்கமும் பெஞ்சு வைத்திருந்தார்கள். மூன்று சுற்று. துரைக்கண்ணு தன் மெஷினைத் தனியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒற்றை ஆளாக லோடு ஏற்றப் பார்க்கிறான், ஏமாளி என்று செங்கோடன் என் காதில் சொன்னான். நாங்கள் வேலையைப் பிரித்திருந்தோம். இடது பொத்தானுக்கு நாச்சிமுத்து, வலதுக்கு அம்மாசை, கட்டையைத் திருப்புகிற பொத்தானுக்குச் செங்கோடன், வேகமாக இறக்குகிற பொத்தானுக்கு நான். அந்தச் சின்ன மெஷின் மேல் நாலு கட்டைவிரல். இரண்டு பேருக்குக் கண்ணில் கட்டு.

ஆட்டம் தொடங்கியது. எனக்கு அம்மாசையின் முகம்தான் தெரிந்தது. ஒற்றைக் கண்ணில் தண்ணீர் வழிய வழிய அவன் பொத்தானை அழுத்தினான். அவனுக்காகத்தான் இது என்று நினைத்துக்கொண்டு நானும் என் பொத்தானை விடாமல் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சாம்பல் நிறத்தில் இரண்டு வரிசை சரக்கு தானாக ஏறி வந்தது.

"இது யார் ஏத்தினது?" என்றான் நாச்சிமுத்து.

"துரைக்கண்ணு அனுப்பறான்," என்றார் மேடம்.

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. எதிர் அணியில் இருந்துகொண்டு எங்கள் லோடுக்கு இரண்டு வரிசை ஏற்றிக் கொடுக்கிற மனசு யாருக்கு வரும்? ஒரு கையைத் தூக்கி அவனுக்கு வணக்கம் வைத்தேன். அவனும் குழப்பத்தோடு வணக்கம் வைத்தான். அவன் உதவியோடு நாற்பது விநாடியில் விளிம்பைத் தொட்டோம். அவன் அடுக்கில் பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.

இரண்டாம் சுற்றை முப்பத்தைந்து விநாடியில் முடித்தோம். அப்போதே துரைக்கண்ணு எழுந்துவிட்டான். மூன்றாவது சுற்று தேவையில்லை என்று மேடமும் சொன்னார். சரிதான், இரண்டு சுற்று ஜெயித்த பிறகு எதற்கு என்று நாங்களும் எழுந்தோம். நாச்சிமுத்து அம்மாசையைத் தோளில் தூக்கிக்கொண்டான். செங்கோடன் ஓடிப் போய் ஒன்பது டீ சொல்லிவிட்டு வந்தான். துரைக்கண்ணுவின் ஆட்களுக்கும் சேர்த்துத்தான். தோற்றவர்கள் மனசு நோகக் கூடாது பாருங்கள். டீ வந்தது, எல்லோரும் குடித்தோம். நான் எழுந்து நின்று, இனிமேல் கிழக்கு வாசலில் எங்கள் பக்கம் வந்தாலும் நீங்கள் விருந்தாளிதான் என்று துரைக்கண்ணுவிடம் சொன்னேன்.

அவன் மேடத்தைப் பார்த்தான். மேடம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாரப்பண்ணா, முதல்ல மேல முட்டினவங்க தோத்தவங்க."

அம்மாசை தோளிலிருந்து தானாகவே இறங்கினான்.  எதிர் அணி ஏற்றிக் கொடுத்த சரக்கும் எங்கள் கணக்கில்தானா என்று நாச்சிமுத்து மெதுவாகக் கேட்டான். ஆமாம் என்றார் மேடம். அவருக்கும் வருத்தம்தான், குரலில் தெரிந்தது. ஆனால் பேச்சு பேச்சுதான். திங்கட்கிழமையிலிருந்து எங்களுக்கு மேற்கு வாசல்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்குச் சிமெண்ட் லாரி வந்து நின்றது. நாலு நடை நடந்ததும் அம்மாசை தூணைப் பிடித்துக்கொண்டான். அவனைக் குடோனுக்குள் தள்ளி உட்கார வைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் யோசித்தோம். அப்போது செங்கோடன்தான் சொன்னான். ஒரு வாரமாக அவன் பொத்தானை அழுத்தி அழுத்திக் கட்டைகளைத் திருப்பியிருக்கிறான். நிற்கிறது படுத்தது, இடது வலது ஆனது, ஒரு கட்டையும் முறைத்துக்கொள்ளவில்லை. குடோனும் பெரிய கட்டைதானே என்றான்.

"பாதி சுத்துத் திருப்பினாப் போதும்," என்றான். "மேற்கு வாசல் கிழக்க போயிரும்."

துண்டைத் தோளில் மடித்துப் போட்டு, சுவரின் வடக்கு மூலையில் மூன்று பேரும் தோள் கொடுத்தோம். ஜன்னலைத் திறந்து மேடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எந்தப் பக்கமாகத் திருப்புகிறீர்கள் என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஒரு மணி நேரம் தள்ளிய பிறகு, திரும்புகிறதா என்று உள்ளே இருந்த அம்மாசையைக் கேட்டோம். தெரியவில்லை, மூட்டைகள் எல்லாம் வைத்த இடத்திலேயேதான் இருக்கின்றன, நானும் வைத்த இடத்திலேயே இருக்கிறேன், எல்லாம் சேர்ந்து திரும்புகிறது போல என்றான். அதற்குப் பிறகு தெம்பாகத் தள்ளினோம். ஆறு மணிக்கு வெயில் சுவரை விட்டு இறங்கியது. அதோடு நிறுத்தினோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தால், எங்கள் வாசல் நல்ல நிழல். துரைக்கண்ணு ஆட்கள் கிழக்கு வாசலில் வெயிலில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முழுதாகவே திரும்பிவிட்டது. பாவம் என்று அவர்களுக்கு ஒரு செம்பு மோர் அனுப்பினேன். ஒரு மணிக்குச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் வெயில் பழையபடி எங்கள் முகத்தில். நாங்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து அந்த நாலு பேரும் குடோனைத் திருப்பி வைத்துவிட்டார்கள்.

கேட்டால், அப்படி எதுவும் செய்யவில்லை என்று துரைக்கண்ணு சத்தியம் செய்கிறான். நம்ப முடியுமா? அதனால் இப்போதெல்லாம் நாங்கள் ஒரே நேரத்தில் சாப்பிடப் போவதில்லை. மூன்று பேர் போனால் ஒருவன் சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்படியும் வெயில் வரத்தான் செய்கிறது. அவர்கள் நாலு பேர், தாங்குகிறவன் ஒருவன். தாங்காமல் விட்டால் எவ்வளவு தூரம் திருப்புவார்களோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

இன்றைக்கு என் முறை. சுவருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டுதான் இவ்வளவையும் உங்களுக்குச் சொன்னேன். நீங்களும் பொறுமையாகக் கேட்டீர்கள், நல்ல மனுஷர். பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் தோள் கொடுங்கள், இதோ சாப்பிட்டுவிட்டு ஓடி வந்துவிடுகிறேன்.