அக்காவின் மூடிய கை

நாச்சியம்மையின் மடத்தில் பொன்னுரங்கம் சீடராகச் சேர்ந்தது ஐம்பது வயதில். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். பொன்னுரங்கம் சுண்ணாம்புக் காளவாய் வேலையில் வெந்த மனிதர். மனசு அதைவிட வெந்திருந்தது.

ஒருநாள் காலை, செத்துப்போன அக்காவின் ஓவியத்தைக் கொண்டுவந்து குருவின் முன்னால் சாய்த்து வைத்தார்.

"அக்கா மக அனுப்பியிருக்கா, தாயே. சாகறதுக்கு முன்னால அக்காவை அரை நாள் அசையாம உட்கார வெச்சு வரைஞ்சதாம். நாளன்னைக்கு அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் இந்தப் படத்தோட வந்தாத்தான் மணவறையில உட்காருவாளாம்."

"போக வேண்டியதுதானே?"

"எந்த மூஞ்சியோட போக? அவ சமைஞ்ச சடங்குல, என் சீர்த்தட்டைப் பங்காளி தட்டுக்குப் பின்னால வெச்சா அக்கா. அன்னைக்கு எழுந்து வந்தவன்தான். ஏழு வருஷம் அந்த வாசலை மிதிக்கல. சாவுக்கும் போகல." படத்தைச் சுட்டினார். "இப்பவும் பாருங்க, உதட்டை இறுக்கி, கையை மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி... 'நீ யாருடா எனக்கு'ன்னு கேக்கறா."

குரு அடுப்படிக்குப் போய்க் கரித்துண்டு ஒன்று எடுத்துவந்தார்.

"அக்கா மாதிரியே உட்காருங்க. சுவர்ல உங்களை வரையறேன். அசையக் கூடாது."

உட்கார்ந்தார். வெயில் பாதி முற்றத்துக்கு வந்துவிட்டது. கழுத்து கடுத்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. கரி சுவரில் உரசிக்கொண்டே இருந்தது.

தண்ணீர்க் குடத்தோடு வந்த சமையல்காரி குப்பாயி நின்றாள். சுவரைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள்.

"அடேயப்பா! யார் குடியைக் கெடுக்க இப்படி உட்கார்ந்திருக்கீங்க, பெரியவரே? இந்த மூஞ்சியைப் பார்த்தா காய்ச்சின பாலும் திரிஞ்சுடும்."

"அட, போம்மா!" பொன்னுரங்கம் வெடித்தார். "யார்மேல கோவிச்சேன் நான்? சின்ன வயசுல ஆத்துல வெள்ளம் வந்தப்ப, அக்கா என்னைத் தோள்ல தூக்கிட்டு அக்கரை சேர்த்தாளே, அதைத்தான் நான் நெனச்சுக்கிட்டு..."

பேச்சு பாதியில் நின்றது. குப்பாயி சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

பொன்னுரங்கம் அக்காவின் படத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப இவ என்ன நெனச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, தாயே?"

குரு கரியைக் கீழே வைத்தார்.

"எனக்கெப்படித் தெரியும்? சடங்கு வீட்டுல நீங்க கடைசியாக் காட்டின முகத்தை வெச்சுக்கிட்டு, அவங்களும் சாகற வரைக்கும் இதையேதான் கேட்டிருப்பாங்க."

பொன்னுரங்கம் தோள் துண்டை உருவிப் படத்தைச் சுற்றத் தொடங்கினார்.