ஒன்பதாம் பக்கத்து எடுத்துக்காட்டு

அடுத்தவர் உழைப்பில் தன் பெயரை ஒட்டுகிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'யாரும் நகலெடுக்கலாம், ஆக்கியவர் பெயரை மட்டும் போட வேண்டும்' என்கிற திறந்த உரிமத்தை விளக்கும் கையேட்டை, துறையூர் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பவுனம்மா நாலு மாதம் தன்னார்வமாய்த் தமிழாக்கி, அதே உரிமத்தோடு இணையத்தில் போட்டாள். முனைவர் தணிகாசலம் அதை அப்படியே அச்சடித்து, அட்டையில் தன் பெயரைப் போட்டு, வெளியீட்டு விழாவும் வைத்துவிட்டார்!

பவுனம்மா அந்த விழாக் கூட்டத்தில் எழுந்தாள். "ஐயா, அது நான் எழுதினது."

"ஜெராக்ஸ் எடுக்கிறவளுக்கு எழுத்து வேறயா? ஒவ்வொரு வரியும் என்னுது. உன்னுதுன்னா இங்கேயே நிரூபி!"

"நான் எதுக்குங்க? நீங்களே ஒன்பதாம் பக்கத்து எடுத்துக்காட்டைச் சத்தமா வாசிங்க, போதும்."

முனைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மைக்கில் கணீரென்று ஆரம்பித்தார். "பெயர் போடும் முறைக்கு எடுத்துக்காட்டு: இந்தக் கையேட்டைத் தமிழாக்கியவர், துறையூர் ஜெராக்ஸ் கடை..."

சட்டென்று புத்தகத்தை மூடினார். கையில் புத்தகம் வைத்திருந்த கூட்டமே மிச்சத்தை வாசித்தது: "பவுனம்மா!"

"எடுத்துக்கலாம்னு நானேதான்யா எழுதி வெச்சிருக்கேன்," என்றாள் அவள். "பேரைத் தின்னலாம்னு எந்தப் பக்கத்துல இருக்கு? அதையும் வாசிங்க!"