கடுகு எகிறிப் பார்ப்பது எதற்கு

அந்தக் காலத்தில் அடுப்படியில் ஓயாத பேச்சு. மிளகாய் சண்டை போடும், வெந்தயம் குறை சொல்லும், உளுத்தம்பருப்பு தன் நிறத்தைத் தானே மெச்சிக்கொள்ளும். தண்ணீர் கொதித்தால் தளதளவென்று கத்தும். பால் எழுந்து நின்று தகவல் சொல்லும். எண்ணெய் மட்டும் ஊமைக் கோட்டான். உள்ளே எவ்வளவு காய்ந்தாலும் முகத்தில் காட்டாது.

அந்த எண்ணெயால்தான் வெள்ளச்சிக்குக் கஷ்டம். அவள் வீடு பனையோலைக் கூரை. சட்டியில் எண்ணெய் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு, வாசலில் கத்தும் ஆட்டுக்குட்டியைப் பார்க்கப் போவாள். திரும்பினால் சட்டியில் தீ! இரண்டு முறை கூரை போயிற்று. இரண்டாம் முறை பக்கத்து வீட்டுக் கூரையும் சேர்ந்து போயிற்று. ஊர்த்தலைவர் சடையாண்டி வந்து கறாராகச் சொல்லிவிட்டார்.

“இதோ பாரு வெள்ளச்சி, இன்னொரு தடவை தீப்பிடிச்சா உன் வீட்டுல அடுப்பே எரியக் கூடாது. பிள்ளைங்களுக்குப் பச்சைக் கிழங்கைக் குடுத்து வளர்த்துக்கோ.”

அவர் போனதும் வெள்ளச்சி அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். பாவம் என்று அஞ்சறைப் பெட்டிக்குள் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

பெட்டியின் மூலையில் கடுகு இருந்தது. அப்போது அது வெளுத்த நிறம். எதற்கு ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் வாயைத் திறந்தது.

“யாராவது முதல்ல எண்ணெயில இறங்கி, காஞ்சதும் சத்தம் குடுத்தா என்ன?”

“நான் கருகிடுவேன்” என்றது மிளகாய்.

“நான் கசந்துடுவேன்” என்றது வெந்தயம்.

“என் நிறம் என்னத்துக்கு ஆகும்?” என்றது உளுத்தம்பருப்பு.

“சரி, நானே போறேன். என் சனத்தையும் கூட்டிட்டுப் போறேன்.”

“அடேயப்பா! நீ போடுற சத்தம் யாரு காதுல விழும்?” என்று மிளகாய் சிரித்தது.

மறுநாள் வெள்ளச்சி எண்ணெயை அடுப்பில் வைத்தாள். ஆட்டுக்குட்டி கத்தியது. போய்விட்டாள். திறந்திருந்த பெட்டியிலிருந்து கடுகுக் கூட்டம் உருண்டு வந்து சட்டியில் குதித்தது.

“வெளியே போடா பொடிப்பயலே” என்றது எண்ணெய்.

“நீ காயுற வரைக்கும் நகரமாட்டேன்.”

சூடு ஏறியது. தோல் கருத்தது. பக்கத்தில் இருந்த குட்டிக் கடுகு, “எரியுதே அண்ணே, கத்திடலாமா?” என்று கேட்டது.

“இப்பவே கத்தினா அவ வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுவா. பல்லைக் கடிச்சிக்க.”

எண்ணெய் நன்றாகக் காய்ந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் தீதான். கடுகு உயிரைக் கொடுத்துக் கத்தியது. பட்! கூட்டமே சேர்ந்து கத்தியது. படபடபட! ஒன்று எகிறிப் பறந்து வாசலில் நின்ற வெள்ளச்சியின் கன்னத்தில் ஒட்டியது. அவள் பதறி ஓடிவந்து சட்டியை இறக்கினாள்.

“என்னைச் சுட்டுட்டியே!”

“சுட்டதுதான் தாயி. கூரை இருக்கா, அதைச் சொல்லு.”

வெள்ளச்சி மேலே பார்த்தாள். ஓர் ஓலைகூடக் கருகவில்லை. கரியாய்க் கருத்திருந்த கடுகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் தேம்பினாள்.

அன்று முதல்தான் கடுகு கறுப்பு. அன்று முதல்தான் தாளிப்பில் அது முதலில் இறங்குகிறது; அது வெடிக்கும்வரை மற்றவர்கள் கைகட்டி நிற்கிறார்கள். அப்புறம் ஏன் சட்டியைவிட்டு எகிறுகிறது என்கிறீர்களா? கூரை பத்திரமா என்று பார்க்கத்தான். ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய் மாடியும் வந்துவிட்டது. சொன்னால் கேட்கிறதா அது? இன்றைக்கும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் விழுகிறது.