கிடாவின் சம்மதம்

ஆடுகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கிடாவைச் சாமிக்கு வெட்டுவதற்கு முன் அதன் சம்மதத்தைக் கேட்பார்கள். "சரி" என்று கிடா சொன்னால்தான் கத்தி வெளியே வரும். "மாட்டேன்" என்றால் அவிழ்த்துவிட்டு, பொங்கலை மட்டும் படைத்துக் கும்பிட்டுப் போவார்கள். அநேகமாக மாட்டேன் என்றுதான் சொல்லும். எப்போதாவது பல் விழுந்து மேய முடியாமல் கிடக்கிற கிழட்டுக் கிடா ஒன்று, "சரி, ஆகட்டும்" என்பதுண்டு.

கள்ளிவயலில் அப்படிக் கேட்கிற பொறுப்பு சடைச்சியுடையது. ஊர் ஆடுகளை மேய்ப்பவள் அவள்தான். காலில் முள் ஏறினால் ஆடே வந்து அவளிடம் சொல்லும். அவளுடைய அண்ணன் மலையாண்டி எல்லைச்சாமி கோயில் பூசாரி.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. தாயாடுகளுக்கு மடி வற்றிப்போய், குட்டிகள் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டுச் சுருண்டு விழுந்தன. சடைச்சி கருவேல நெற்றைப் பொறுக்கிவந்து போட்டாள். அதுவும் தீர்ந்தது. காலையில் பட்டியைத் திறக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கிடா வெட்டினால் மழை இறங்கும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. கிழட்டுக் கிடா ஒன்றும் மிஞ்சவில்லை. இருந்ததில் திடமானது ஒரு கருப்புக் கிடாதான். தாய் செத்துப்போனதால் சடைச்சி தன் வீட்டுக் கஞ்சித்தண்ணீரை ஊற்றி வளர்த்தது அது.

கேட்கும்போது அவளும் பூசாரியும் மட்டும் கிடாவின் பக்கத்தில் நிற்பார்கள். ஊர் தள்ளி நிற்கும்.

"மழைக்காக உன்னைக் கேக்குறாங்க. என்ன சொல்றே?"

"மாட்டேன்."

"மழை பெய்யும்டா."

"பெய்யட்டும். எனக்கும்தான் மழை வேணும். புல் முளைச்சா அதைத் திங்க நான் இருக்கணுமில்ல?"

மலையாண்டி பல்லைக் கடித்தான். "சாவுன்னா என்னன்னே தெரியாத ஜென்மம். வாயில வந்ததைச் சொல்லுது."

"தெரியாமலா அண்ணே வேண்டாங்குது?"

"அப்ப உன் பட்டியில கிடக்கிறதுக? சாகச் சம்மதமான்னு அதுகளையும் போய்க் கேட்டுட்டு வா."

சடைச்சி பட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அன்று காலையில் எழுந்திருக்காமல் போன குட்டியை அவள் இன்னும் புதைக்கக்கூட இல்லை.

"என்ன சொல்லுது தாயி?" என்று கூட்டத்திலிருந்து நாட்டாமை குரல் கொடுத்தார்.

மலையாண்டி மஞ்சள் தண்ணீரை எடுத்துக் கிடாவின் தலையில் ஊற்றினான். சாமிமுன் நிற்பது சுத்தமாக இருக்கவேண்டும் என்று எப்போதும் செய்வதுதான். காதுக்குள் தண்ணீர் போகவும் கிடா தலையை உதறி உடம்பைச் சிலுப்பியது.

சடைச்சி கூட்டத்தைப் பார்த்தாள். "சரிங்குது," என்றாள்.

"நான் அப்படிச் சொல்லலையே," என்றது கிடா. அதற்குக் கோபம்கூட இல்லை. அவளுக்குக் காதில் விழவில்லையோ என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னது. "மாட்டேன்னுதானே சொன்னேன், சடைச்சி."

அதற்குள் கொட்டு முழங்கிவிட்டது.

மழை பெய்தது. வெட்டியதால் பெய்ததா, பெய்கிற காலம் வந்து பெய்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. புல் முளைத்தது, குட்டிகள் பிழைத்தன. சடைச்சி பட்டியைத் திறந்து, "இன்னைக்குக் கிழக்கே போவமா, தெற்கே போவமா?" என்று கேட்டாள். ஆடுகள் அவளைப் பார்த்து "மே" என்றன.

"உங்களுக்காகத்தானே செஞ்சேன். திட்டவாவது செய்யுங்க," என்று பட்டி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அவை அவளைச் சுற்றிக்கொண்டு மேயப் போய்விட்டன. சொன்னதை மாற்றிச் சொல்கிறவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று அந்தச் சேதி பட்டிக்குப் பட்டி பரவியது. எந்த ஊர் ஆடும் பிறகு வாய் திறக்கவில்லை.

மறுவருஷம் கோயிலில் இன்னொரு கிடா நின்றது. சடைச்சி கேட்டாள். அது பேசவில்லை. மலையாண்டி தண்ணீரை ஊற்றினான், சிலுப்பியது.

"சரின்னுடுச்சு," என்றான்.

"தண்ணியை உதறுது, அண்ணே."

"போன வருஷமும் இப்படித்தானே உதறுச்சு? சரிங்குதுன்னு நீதானே சொன்னே?"

சடைச்சி ஊரைப் பார்த்துத் திரும்பினாள். "அது மாட்டேன்னு சொல்லுச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

 நாட்டாமை சொன்னார்: "பொய்க்கா தாயி சாமி மழை கொடுத்துச்சு?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்குமேல் அவளால் வாதாட முடியவில்லை. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இதுக்காவது ஒத்துக்கோ. அது சிலுப்பலைன்னா அவிழ்த்து விட்டுடணும். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கணும்." அதற்கு மட்டும் மலையாண்டி ஒப்புக்கொண்டான்.

கருப்புக் கிடாவை வெட்டிய வருஷத்திலிருந்துதான் ஆடுகள் "மே" என்பதற்குமேல் ஒரு சொல் பேசுவதில்லை. இன்றும் கிடாவின் மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டு, அது சிலுப்பும்வரை கத்தியை ஓங்காமல் ஊரே அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.